முற்றிய மெலனோமாவுக்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் மருந்து ஆய்வுகளுக்கு ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர் பேசி முடித்து அடுத்த நோயாளியைக் கூப்பிட்ட பிறகு, வராண்டாவில் குடும்பத்தோடு உட்கார்ந்து, அவர் சொன்னதில் புரியாததையெல்லாம் திரும்ப விளக்குவது என் வேலை. மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் பரவிய நிலையில் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சிகிச்சை முடிவை உங்கள் டாக்டரோடு பேசித்தான் எடுக்க வேண்டும், அந்தப் பேச்சுக்குத் தயாராகப் போக இது உதவட்டும்.

மெலனோமா வெள்ளைக்காரர்களுக்கு வருகிற வியாதி என்கிறார்களே, எங்க அம்மாவுக்கு எப்படி வந்தது?

தோலுக்கு நிறம் தருகிற மெலனோசைட் என்ற செல்களில் தொடங்குகிற புற்றுநோய் இது. வெள்ளைத் தோல்காரர்களிடம் அதிகம், ஆஸ்திரேலியாவில் ரொம்பவே அதிகம், நம் நாட்டில் அரிது, இதெல்லாம் உண்மைதான். ஆனால் நம்மவர்களுக்கு வரும்போது வெயில் படாத இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில், வாய்க்குள், மூக்குக்குள், ஆசனவாயில். ஜமைக்கா பாடகர் பாப் மார்லி 1981-ல் 36 வயதில் இறந்ததும் கால் விரலில் தொடங்கிய இந்த வகை மெலனோமாவால்தான்.

இடம் இப்படி இருப்பதால் நோயைக் கண்டுபிடிப்பதும் தள்ளிப்போகிறது. முள் குத்தின இடம், செருப்புக் கடி, ஆணிக்கால், நகச்சுத்தி என்று மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள், ஆசனவாயில் ரத்தம் வந்தால் மூலம் என்று நாட்டு மருந்துக் கடைக்குப் போகிறார்கள். உள்ளங்காலில் ஓரம் ஒழுங்கில்லாமல் பரவுகிற கறுப்புத் திட்டோ, நகத்தில் நீளவாக்கில் ஓடும் கறுப்புக் கோடு நாளாக ஆக அகலமாகி நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் இறங்குவதோ தெரிந்தால், தோல் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் பாதத்தை ஒருமுறை நீங்களே திருப்பிப் பாருங்கள், குனிந்து பார்க்க அவர்களால் முடியாது.

'முற்றிய நிலை' என்று எழுதியிருக்கிறார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

அறுவை சிகிச்சையில் முழுதாக எடுக்க முடியாத மூன்றாம் கட்டம், அல்லது நுரையீரல், கல்லீரல், மூளை என்று வேறு உறுப்புகளுக்குப் பரவிய நான்காம் கட்டம், இரண்டையும் சேர்த்து அப்படிச் சொல்கிறார்கள். 2011-க்கு முன்னால் இதற்குக் கையில் இருந்தது டகார்பசின் என்ற கீமோ, அமெரிக்காவில் 1975-ல் அனுமதி பெற்றது. பத்தில் ஒருவர், கொஞ்சம் கூடப் போனால் இன்னும் சிலர், அவ்வளவு பேருக்குத்தான் அதில் கட்டி சுருங்கியது, சுருங்கியதும் நிலைக்கவில்லை. நோயாளிகளில் பாதிப் பேர் ஒரு வருடத்தைத் தாண்டவில்லை.

2011-ல் ஒரே வருடத்தில் இரண்டு புது வழிகள் திறந்தன. மார்ச்சில் இபிலிமுமாப், ஆகஸ்ட்டில் வெமுராஃபெனிப். முதலாவது நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் கிளப்பி விடுவது, இதைத்தான் இம்யூனோதெரபி என்கிறார்கள். நம் எதிர்ப்பு செல்களில் அவை அளவுக்கு மீறிப் போகாமல் தடுக்கும் பிரேக் போன்ற புரதங்கள் இருக்கின்றன, புற்றுநோய் அந்தப் பிரேக்கை மிதித்தே தப்பிக்கிறது, இந்த மருந்து அந்தப் பிரேக்கை விடுவித்துவிடுகிறது. இதற்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்குத்தான் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாவது மருந்து புற்று செல்லுக்குள்ளேயே போய் வேலை செய்வது, பி-ராஃப் என்ற மரபணு கெட்டுப்போனவர்களுக்கு மட்டும்.

நல்ல மருந்து ஒன்று இருக்கும்போது எதற்கு இரண்டு?

புற்றுநோய் வழி மாற்றிக்கொள்ளும் என்பதால். வெமுராஃபெனிப் தொடங்கிய சில வாரங்களில் கட்டிகள் கரைந்து, நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் நடந்து போனார்கள். ஆனால் ஏழு மாதம் போல ஆனதும் பலருக்கு அதே கட்டி திரும்ப வந்தது. பி-ராஃபை அடைத்தால் செல் அதற்கு அடுத்த படியான மெக் என்ற புரதத்தை வேறு பாதையில் கிளப்பிவிடுகிறது. அதனால் இரண்டையும் ஒரே சமயத்தில் அடைத்துப் பார்த்தார்கள். டாப்ராஃபெனிப், ட்ராமெட்டினிப் என்ற ஜோடி 2014 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த ஜோடியை முதல் சிகிச்சையாக எடுத்த 563 பேரை ஐந்து வருடம் பின்தொடர்ந்ததில் 34 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், 19 சதவீதம் பேருக்கு நோய் வளரவே இல்லை.

இரண்டு மருந்து என்றால் இரண்டு மடங்கு தொந்தரவு என்று பயப்படுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். பி-ராஃப் மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்குத் தோலில் புதிதாக வேறொரு வகைப் புற்றுக்கட்டி முளைக்கும், மெக் மருந்தைச் சேர்த்ததும் அது குறைந்தது. சேர்க்கை எப்படி நடந்துகொள்ளும் என்பதை யூகித்துச் சொல்லிவிட முடியாது, கொடுத்துப் பார்த்துத்தான் தெரியும்.

இந்த யோசனை நம் ஊருக்குப் புதிதும் இல்லை. சேத்துப்பட்டில் இருக்கிற காசநோய் ஆராய்ச்சி நிலையம் 1956-ல் தொடங்கியது. ஐசோனியாசிட் மாத்திரையைத் தனியாகக் கொடுப்பதா, பாஸ் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதா என்று மெட்ராஸ் நோயாளிகளிடம் சோதித்து 1960-ல் முடிவை வெளியிட்டார்கள். சேர்த்துக் கொடுத்ததுதான் ஜெயித்தது. காசநோய்க் கிருமி ஒரு மருந்துக்குப் பழகிவிடும் என்பதற்காக இன்றும் கூட்டாகவே மாத்திரை தருகிறோமே, அந்தப் பாடத்தில் இந்த ஊர்க்காரர்களின் பங்கு இருக்கிறது. ஆய்வு என்ற பெயரைக் கேட்டதும் 'எங்களை எலியாக்கப் பார்க்கிறீர்களா' என்று கோபப்படுகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இம்யூனோதெரபி ஜோடி உண்மையில் எவ்வளவு பேருக்குப் பலன் தந்திருக்கிறது?

இதில் பெரிய ஆய்வு செக்மேட் 067. 945 பேர், மூன்று குழுக்கள்: இபிலிமுமாப் மட்டும், இன்னொரு பிரேக்கை விடுவிக்கும் நிவோலுமாப் மட்டும், இரண்டும் சேர்த்து. பத்து வருட முடிவு 2024-ல் வந்தது. பத்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் சேர்த்துக் கொடுத்த குழுவில் 43 சதவீதம், நிவோலுமாப் குழுவில் 37, இபிலிமுமாப் குழுவில் 19. பரவிய மெலனோமாவில் பத்து வருடம் என்ற கணக்கையே யாரும் பேசாத காலத்திலிருந்து வந்திருக்கிறோம் என்பதை மனதில் வைத்து இதைப் படியுங்கள்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். ஜோடி மருந்து எடுத்தவர்களில் பத்தில் ஆறு பேருக்குக் கடுமையான பக்க விளைவு வந்தது. நிவோலுமாப் மட்டும் எடுத்தவர்களில் நான்கில் ஒருவர் போலத்தான். 43-க்கும் 37-க்கும் உள்ள வித்தியாசத்துக்காக அவ்வளவு கஷ்டத்தை ஏற்கலாமா? அதிலும் அந்த ஆய்வு ஜோடியையும் நிவோலுமாபையும் நேருக்கு நேர் மோதவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வடிவமைக்கப்பட்டது இல்லை. மூளைக்குப் பரவியிருந்தால், நோய் வேகமாக ஓடிக்கொண்டிருந்தால் பல டாக்டர்கள் ஜோடியை விரும்புவார்கள். எழுபதைத் தாண்டிய, தனியாக இருக்கிற, ராத்திரி பேதியானால் கூட்டிக்கொண்டு வர ஆள் இல்லாத ஒருவருக்கு வேறு முடிவு சரியாக இருக்கலாம். என் பார்வையில், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியும் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குச் சமமாக அந்த மேஜையில் இருக்க வேண்டும்.

இந்தக் கஷ்டத்தைக் குறைக்கத்தான் அடுத்த ஜோடிகளைத் தேடினார்கள். நிவோலுமாபோடு, வேறொரு பிரேக்கை விடுவிக்கும் ரெலட்லிமாப் சேர்த்த ஆய்வில் 714 பேர் சேர்ந்தார்கள். நோய் வளராமல் பாதிப் பேர் தாண்டிய காலம், நிவோலுமாப் மட்டும் எடுத்தவர்களின் 4.6 மாதத்திலிருந்து 10.1 மாதமாகக் கூடியது, கடுமையான பக்க விளைவு 19 சதவீதத்துக்குள் நின்றது. 2022 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

இரண்டும் நல்ல மருந்து என்று தெரிந்த பிறகு ஏன் சோதனை? நேராகச் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டியதுதானே?

இந்தக் கேள்விக்கு மூன்று கதைகள் இருக்கின்றன, மூன்றும் நடந்தவை.

2011-ல் வந்த அந்த இரண்டு மருந்துகளையும், வெமுராஃபெனிப்பையும் இபிலிமுமாபையும், சேர்த்தால் அற்புதமாக இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முதல் கட்ட ஆய்விலேயே பலருக்குக் கல்லீரல் பாதித்தது, ஆய்வை நிறுத்திவிட்டார்கள். நேராக வார்டுக்குக் கொண்டுபோயிருந்தால் எத்தனை பேர் பாதிக்கப்பட்டிருப்பார்கள்!

அடுத்தது எபகாடோஸ்டாட் என்ற மாத்திரை. நிவோலுமாப் வகையைச் சேர்ந்த பெம்ப்ரோலிசுமாபோடு இதைச் சேர்த்த சிறிய ஆய்வுகளில் முடிவுகள் பிரமாதமாக இருந்தன, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அங்கே இல்லை. 706 பேரைச் சேர்த்துச் சரியாக இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தபோது வித்தியாசமே இல்லை: நோய் வளராமல் இருந்த காலம் சேர்த்துக் கொடுத்த குழுவில் 4.7 மாதம், பெம்ப்ரோலிசுமாப் மட்டும் எடுத்த குழுவில் 4.9 மாதம். 2018-ல் முடிந்த அந்த ஒரு ஆய்வு, அதே வகை மருந்துகளை வைத்து உலகம் முழுக்கத் திட்டமிட்டிருந்த பல ஆய்வுகளை நிறுத்த வைத்தது.

மூன்றாவது, லென்வாட்டினிப் என்ற மாத்திரையையும் பெம்ப்ரோலிசுமாபையும் சேர்த்தது. இதே ஜோடி கருப்பை உள்சுவர்ப் புற்றுநோயில் நன்றாக வேலை செய்து அனுமதியும் பெற்றிருந்தது. மெலனோமாவில் ஆயுள் கூடவில்லை என்று 2023-ல் நிறுத்தினார்கள். 'வேறு கேன்சரில் வேலை செய்கிறதே, எங்களுக்கும் எழுதிக் கொடுங்கள்' என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மூன்று மருந்து சேர்த்தால்?

பார்த்திருக்கிறார்கள். இம்யூனோதெரபி மருந்தான அடெசோலிசுமாப், பி-ராஃப் மருந்தான வெமுராஃபெனிப், மெக் மருந்தான கோபிமெட்டினிப் மூன்றும் சேர்ந்தது 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏறக்குறைய அதே மாதிரி யோசனையில், வேறு மூன்று மருந்துகளை வைத்துச் செய்த இன்னொரு பெரிய ஆய்வு இலக்கைத் தொடவில்லை. எண்ணிக்கை கூடினால் பலன் கூடும் என்று இதுவரை உறுதியாகவில்லை.

எதை முதலில் கொடுப்பது என்பதையும் சோதிப்பார்களா?

சோதித்தார்கள், அது எனக்குப் பிடித்த ஆய்வு. ட்ரீம்செக் என்று பெயர். பி-ராஃப் மாற்றம் உள்ள 265 பேர். பாதிப் பேருக்கு முதலில் இம்யூனோதெரபி ஜோடி, நோய் வளர்ந்தால் டாப்ராஃபெனிப்-ட்ராமெட்டினிப் மாத்திரைகள். மீதிப் பேருக்கு இதே தலைகீழாக. மருந்துகள் அதே நான்குதான், வரிசை மட்டும்தான் வேறு. இரண்டு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள், இம்யூனோதெரபியை முதலில் எடுத்த குழுவில் 72 சதவீதம், மாத்திரையை முதலில் எடுத்த குழுவில் 52 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததும் ஆய்வை முன்கூட்டியே முடித்தார்கள். புது மருந்து ஒன்றுகூட இல்லாமல், இருக்கிற மருந்தை எந்த வரிசையில் தருவது என்று கண்டுபிடித்ததிலேயே இவ்வளவு உயிர்கள்.

எங்களுக்கு டம்மி மருந்து கொடுத்துவிட்டால்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், பயமும் நியாயமானது. பலன் தரும் சிகிச்சை இருக்கிற முற்றிய புற்றுநோய் ஆய்வில் சிகிச்சையே இல்லாமல் வெறும் டம்மி மட்டும் கொடுத்து யாரையும் விட்டுவிடுவதில்லை. வழக்கமாக நடப்பது இப்படி: ஒரு குழுவுக்கு இப்போதைய நல்ல சிகிச்சை, கூடவே புது மருந்து. இன்னொரு குழுவுக்கு அதே நல்ல சிகிச்சை, கூடவே சில ஆய்வுகளில் டம்மி. ஆக இரண்டு குழுவுக்கும் அடிப்படைச் சிகிச்சை உண்டு. யார் எந்தக் குழு என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும், டாக்டர் தேர்ந்தெடுக்க முடியாது. 'சார் நல்லவர், பார்த்துப் போட்டுவிடுவார்' என்று என்னிடம் சிபாரிசு கேட்பார்கள். டாக்டருக்குத் தெரிந்தால் திடமாக இருக்கிறவர்களைப் புது மருந்துப் பக்கம் தள்ளத் தோன்றும், அப்புறம் அந்த மருந்து ஜெயித்ததா அந்த ஆட்கள் ஜெயித்தார்களா என்று பிரிக்கவே முடியாது.

டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: 'புது மருந்து கிடைக்காத குழுவில் விழுந்தால் எனக்கு என்ன சிகிச்சை?' அதற்கான பதில், ஆய்வுக்கு வெளியே நீங்கள் வாங்கியிருக்கக்கூடிய சிகிச்சைக்குக் குறைவாக இருந்தால், தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்கிறார்களே?

நோயின் கட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதல் கட்ட ஆய்வில் எந்த அளவு வரை பாதுகாப்பு என்று பார்ப்பார்கள், சில பேருக்குக் குறைந்த அளவில் தொடங்கி, அவர்கள் தாங்கினால்தான் அடுத்த சிலருக்கு அளவைக் கூட்டுவார்கள். இரண்டாவதில் கட்டி சுருங்குகிறதா. மூன்றாவதில் நூற்றுக்கணக்கானவர்களை வைத்து இப்போதைய சிகிச்சையோடு ஒப்பீடு. முதல் கட்டம் என்றால் பலன் நிச்சயமில்லை, அதைத் தெரிந்துகொண்டே சேருங்கள்.

பக்க விளைவுகளில் எதற்குப் பயப்பட வேண்டும்?

இம்யூனோதெரபியில் முடி கொட்டுவதையும் வாந்தியையும் எதிர்பார்த்து வருகிறார்கள். இங்கே ஆபத்து வேறு. கிளப்பிவிட்ட எதிர்ப்பு சக்தி நம் உறுப்புகளையே தாக்கலாம்: குடல், கல்லீரல், நுரையீரல், தைராய்டு, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, அரிதாக இதயம். மருந்து நிறுத்தி மாதங்கள் ஆன பிறகும் வரலாம்.

பேதியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பேதியானால் என்ன செய்வோம்? நேற்று சாப்பிட்ட பரோட்டாவைக் குறை சொல்லிவிட்டு, தெருமுனை மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டு, மோர் குடித்துவிட்டுப் படுப்போம். இந்த மருந்தில் இருக்கிறவர் அப்படிச் செய்யக் கூடாது. அது குடல் அழற்சியாக இருந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரை விஷயத்தை மூடி மறைத்துவிடும், உள்ளே குடல் ஓட்டையாகும் அளவுக்குப் போகலாம். வழக்கத்தைவிட நான்கு தடவை கூடுதலாகப் போனாலோ, ரத்தமோ சளியோ கலந்து வந்தாலோ, ராத்திரி ஆனாலும் ஆய்வுக்குழு எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சீக்கிரம் ஸ்டீராய்டு தொடங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும், அடங்காவிட்டால் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற ஊசி இருக்கிறது. அந்த ஊசி உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பக்கூடியது என்பதால் வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்திருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால் அதையும் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

டாப்ராஃபெனிப்-ட்ராமெட்டினிப் மாத்திரை ஜோடியில் முக்கியத் தொந்தரவு காய்ச்சல், பாதிப் பேருக்கு மேல் வருகிறது. சென்னையில் மழைக்காலத்தில் 102 டிகிரி என்றால் பக்கத்துக் கிளினிக்கில் டெங்கு, டைஃபாய்டு என்று ஆன்டிபயாடிக்கும் டிரிப்பும் ஏற்றுவார்கள், மாத்திரையை நிறுத்தச் சொல்ல அந்தக் கிளினிக் டாக்டருக்குத் தோன்றாது, ஏனென்றால் அந்த மாத்திரை அவர் கையில் வந்ததே இல்லை. அதனால்தான் ஒரு அட்டை தருகிறோம், மருந்தின் பெயரும் எங்கள் எண்ணும் போட்டது. அதை பர்ஸில் ஆதார் அட்டைக்குப் பின்னால் வைத்து, எந்த டாக்டரைப் பார்த்தாலும் முதலில் எடுத்து நீட்டுங்கள். செல்போனிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டெங்கு இல்லை என்று பார்ப்பதும் அவசியம்தான், ஆனால் எங்களிடம் பேசாமல் அடுத்த வேளை மாத்திரையைப் போடாதீர்கள்.

ஒரு ஆறுதல்: இம்யூனோதெரபி ஜோடியைப் பக்க விளைவால் பாதியிலேயே நிறுத்தியவர்கள், தொடர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய சமமாகவே நீண்ட காலம் இருந்திருக்கிறார்கள். அதனால் ஊசியை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் தொந்தரவை மறைக்காதீர்கள்.

அப்பாவுக்கு கேன்சர் என்று தெரியாது. தெரியாமலே ஆய்வில் சேர்க்க முடியுமா?

முடியாது.

ஏன் கேட்கிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. பையன் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, 'அப்பாகிட்ட அல்சர்னு சொல்லியிருக்கோம் மேடம், நீங்களும் அப்படியே சொல்லுங்க, கையெழுத்து நான் போடறேன்' என்பார். பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் உடம்பு அப்பாவுடையது. சுயநினைவோடு, யோசிக்கும் திறனோடு இருக்கிற ஒருவருக்காக மகனோ மனைவியோ ஒப்புதல் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் இதில் கறாரானவை. விவரத்தாள் அவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், படிக்கத் தெரியாவிட்டால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும், கையெழுத்திட்ட படிவத்தின் நகலை அவர் கையில் கொடுக்க வேண்டும். எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் உள்ளவர்கள் புது வேதிப்பொருள் ஆய்வில் சேர்ந்தால் ஒப்புதல் பெறுவதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும்.

விதியை விடுங்கள். வயிற்றுப்புண் என்று நம்புகிறவர் பேதியானதும் ராத்திரி பதினொரு மணிக்கு எங்களுக்கு ஏன் கூப்பிடப் போகிறார்? மேலே சொன்ன ஆபத்தெல்லாம் தனக்குத் தெரிந்திருந்தால்தான் அவரால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியும். சொல்வதற்கு உதவி கேளுங்கள், டாக்டரோ கவுன்சிலரோ கூட இருந்து சொல்வார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. நான் பார்த்த வரையில் பெரியவர்கள் பலருக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது, பிள்ளைகள் கஷ்டப்படுவார்களே என்று அவர்களும் தெரியாத மாதிரி இருக்கிறார்கள்.

கையெழுத்துப் போட்ட பிறகு விலகலாமா?

எப்போது வேண்டுமானாலும். காரணம் சொல்லத் தேவையில்லை, உங்கள் வழக்கமான சிகிச்சையை அதற்காக யாரும் நிறுத்தக் கூடாது. சேரும் முன்பும் அதே மாதிரிதான்: படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய், இரண்டு நாள் வைத்துப் படித்துவிட்டு வாருங்கள். 'இன்றைக்கே போடுங்கள்' என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த அவசரத்துக்குக் காரணம் கேளுங்கள்.

செலவு யார் தருவார்கள்? ஏதாவது ஆகிவிட்டால்?

ஆய்வு மருந்துக்கு நீங்கள் பணம் கட்டுவதில்லை. ஆய்வுக்காக எடுக்கும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எவை இலவசம், கூடச் சேர்த்துத் தரும் வழக்கமான மருந்துக்கு யார் பணம், பஸ் கட்டணம் உண்டா என்பதெல்லாம் ஒப்புதல் படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதாததை வாய்மொழியில் நம்பாதீர்கள். விழுப்புரம், திருவண்ணாமலையிலிருந்து இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து தங்கிப் போகிறவர்களுக்கு லாட்ஜ் வாடகையே பெரிய சுமை, அதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஆய்வினால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச மருத்துவம் தர வேண்டும், ஆய்வினால் நிரந்தர ஊனமோ மரணமோ நேர்ந்தால் இழப்பீடு தர வேண்டும், இரண்டும் சட்டம். கடுமையான பாதிப்பு தெரிய வந்தால் ஆய்வு டாக்டர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும், ஆய்வில் சேருபவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தக் கமிட்டியின் போன் எண் உங்கள் படிவத்தில் இருக்கும், எங்கள் மேல் குறை இருந்தால் அங்கே நேராகப் பேசலாம்.

ஆய்வுக்கு வெளியே இம்யூனோதெரபி எடுப்பது இந்தியாவில் லட்சக்கணக்கில் போகிறது. மும்பை டாடா மெமோரியலில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வழக்கத்தைவிட மிகக் குறைந்த அளவான 20 மில்லிகிராம் நிவோலுமாபை மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 ஆனார்கள். அது மெலனோமா இல்லை, ஆனால் நம் நாட்டுக்குத் தேவையான ஆய்வு இந்த மாதிரிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த ஆய்வுகளில் நம்மைப் போன்றவர்கள் இருந்தார்களா?

பெரும்பாலும் வெள்ளையர்கள். இது எனக்கு உறுத்தலான விஷயம். வெயிலால் வரும் மெலனோமாவில் மரபணு மாற்றங்கள் ஏராளம், அதனால் எதிர்ப்பு சக்திக்கு அந்நியமாகத் தெரிவது சுலபம். உள்ளங்காலில் வருவதில் மாற்றங்கள் குறைவு, இம்யூனோதெரபிக்குப் பலனும் குறைவாகவே தெரிகிறது. வெள்ளையர்களில் பாதிப் பேரிடம் இருக்கும் பி-ராஃப் மாற்றம் இந்த வகையில் குறைவு, சிலரிடம் கிட் என்ற வேறு மரபணு மாறியிருக்கும், அவர்களுக்கு இமாடினிப் மாத்திரை சில சமயம் உதவுகிறது. ஆகவே மேலே சொன்ன செக்மேட் ஆய்வின் 43 சதவீதத்தை அப்படியே உங்கள் அம்மாவின் பாதத்துக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். மரபணுப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கட்டாயம் கேளுங்கள்.

ஸ்கேனில் கட்டி பெரிதாகியிருக்கிறது. மருந்து தோற்றுவிட்டதா?

பெரும்பாலும் ஆம், எப்போதும் இல்லை. இம்யூனோதெரபியில் எதிர்ப்பு செல்கள் கட்டிக்குள் கூட்டமாக நுழைவதால் அது முதலில் வீங்கித் தெரிந்து பிறகு சுருங்குவதும் அபூர்வமாக உண்டு. ஆள் தெம்பாக இருந்தால் சில வாரம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்து உறுதி செய்வார்கள்.

சித்த மருந்தும் கூடவே எடுக்கலாமா?

எடுத்தால் மறைக்காதீர்கள், அதுதான் முக்கியம். கல்லீரல் எண்கள் திடீரென்று ஏறும்போது அது ஆய்வு மருந்தாலா, வீட்டில் குடித்த கஷாயத்தாலா என்று தெரியாவிட்டால் இரண்டையும் நிறுத்த வேண்டி வரும். யாரும் திட்ட மாட்டார்கள். பொட்டலத்தை அப்படியே கொண்டுவந்து காட்டுங்கள்.

கேன்சருக்குத் தடுப்பூசி வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

ஒவ்வொருவர் கட்டியின் மரபணுவைப் பார்த்து அவருக்கென்றே தயாரிக்கும் எம்.ஆர்.என்.ஏ. ஊசியை பெம்ப்ரோலிசுமாபோடு சேர்த்து 157 பேரிடம் சோதித்ததில், நோய் திரும்பும் அபாயம் 44 சதவீதம் குறைந்தது. அவர்கள் எல்லாரும் கட்டியை அறுவை சிகிச்சையில் முழுதாக எடுத்தவர்கள். பெரிய ஆய்வும் தொடங்கியது. உடம்பெல்லாம் பரவியவர்களுக்கான ஊசியாக இதை இப்போது நினைக்க வேண்டாம்.

எங்களைச் சேர்க்க முடியாது என்றுவிட்டார்கள். ஏன்?

மூளையில் அறிகுறியோடு கட்டி, ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருப்பது, முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய், ஹெபடைடிஸ் பி, பெரும்பகுதி நேரம் படுக்கையில் இருக்கும் நிலை, இப்படிப் பல காரணங்கள். கேட்கும்போது மனம் உடைந்துபோகிறது, எனக்கும் அந்தச் செய்தியைச் சொல்வதுதான் மிகக் கடினமான வேலை. ஆனால் ஆய்வில் இடமில்லை என்றால் சிகிச்சை இல்லை என்று ஆகாது. வழக்கமான சிகிச்சை, ரேடியேஷன், வலி நிவாரணம் எல்லாம் தொடரும், இன்னொரு ஆய்வின் நிபந்தனை வேறாகவும் இருக்கலாம்.

சென்னையில் எங்கே விசாரிப்பது?

இந்தியாவில் நடக்கும் எல்லா மருந்து ஆய்வும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும், 2009 ஜூன் முதல் இது கட்டாயம். அதன் இணையதளத்தில் மெலனோமா என்று தேடினால் எந்த ஊர், எந்த மருத்துவமனை, ஆள் சேர்க்கை திறந்திருக்கிறதா என்று தெரியும். 1954-ல் தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ஜி.எச்., பெரிய தனியார் புற்றுநோய் மருத்துவமனைகள், எங்கே பார்க்கிறீர்களோ அந்த ஆன்காலஜிஸ்டிடமே முதலில் கேளுங்கள். மெலனோமா நம்மிடம் அரிது என்பதால் எல்லா நேரமும் சென்னையில் ஆய்வு திறந்திருக்காது, மும்பை, டெல்லி என்றும் பார்க்க வேண்டியிருக்கும். ஆய்வில் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி. சேருவதற்குக் கட்டணம் கிடையாது.

ஆய்வு முடிந்த பிறகு மருந்து நின்றுவிடுமா?

வேறு மாற்றுச் சிகிச்சை இல்லாத நோய் நிலையில், மருந்து உங்களுக்குப் பலன் தருகிறது என்று ஆய்வு டாக்டர் பரிந்துரைத்து எத்திக்ஸ் கமிட்டியும் ஒப்புக்கொண்டால், நிறுவனம் அதை இலவசமாகத் தொடர்ந்து தர வேண்டும் என்று 2019 விதிகளில் இருக்கிறது. இதைச் சேரும் நாளிலேயே கேட்டு, பதிலைப் படிவத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

முதல் நாள் என்னென்ன கொண்டுவர வேண்டும்?

ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் போதாது, சி.டி.யும் வேண்டும். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டைகள். பயாப்சி ரிப்போர்ட்டோடு பயாப்சி பிளாக். பிளாக் என்பது தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் மெழுகுக்குள் பதித்த சதைத்துண்டு, ஓரத்தில் எண் எழுதியிருக்கும். அதிலிருந்துதான் பி-ராஃப், கிட் எல்லாம் பார்க்க முடியும். முதலில் பயாப்சி செய்த லேபில் அது இருக்கும், நோயாளியோ குடும்பத்தாரோ எழுதிக் கேட்டால் தருவார்கள். மே மாத வெயிலில் அதை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடாதீர்கள், மெழுகு இளகிவிடும். கைப்பையிலேயே வைத்துக் கொண்டுவாருங்கள், நோயாளியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.